கணவர் தூரதேசத்தில், வீடும் தோட்டமும் யார் கையில்?

பிழைப்பைத் தேடித் தமிழகத்திலிருந்து ஐதராபாத்துக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அநேகருக்கு இந்த நகரம் கடைசி நிறுத்தமாக இருப்பதில்லை. சில ஆண்டுகள் இங்கே வேலை செய்தபின், குடும்பத்தை மல்காஜ்கிரியிலோ அல்வாலிலோ பொல்லாரத்திலோ விட்டுவிட்டுக் கணவர் துபாய்க்கும் தோகாவுக்கும் மஸ்கட்டுக்கும் புறப்பட்டுப் போகிறார். கப்பலில் வேலை செய்பவர் மாதக்கணக்கில் கடலில் இருக்கிறார். ராணுவத்தில் இருப்பவரை எல்லைக்கு மாற்றிவிடுகிறார்கள். நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் 1806-ல் பெயர் பெற்ற செகந்திராபாத், தொடக்கத்திலிருந்தே படைவீரர்களின் ஊர். ஆகையால் வீட்டுத்தலைவர் வெளியூரில் இருக்கும் வீடு இங்கே புதிய காட்சி அல்ல.

ஷம்ஷாபாத் விமான நிலையத்தின் வாசலில் கணவர் சொல்லும் கடைசி வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "இனி எல்லாவற்றையும் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்." அன்போடு சொல்லப்படும் வார்த்தைதான். ஆனால் அந்த "எல்லாவற்றையும்" பார்த்துக்கொள்வதற்கு வேண்டிய அதிகாரம் பல வீடுகளில் அவரோடேயே விமானம் ஏறிப் போய்விடுகிறது. வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கும். எரிவாயு இணைப்பும் மின் இணைப்பும் அவர் பெயரில்தான். இவை எல்லாவற்றுக்கும் பதிவு செய்யப்பட்ட கைபேசி எண்ணும் அவருடையதே. சிலிண்டர் பதிவு செய்தாலும் பள்ளிக் கட்டணம் கட்டினாலும், ஆறு இலக்கக் குறியெண் பாலைவனத்தில் பணி நேரத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு கைபேசிக்குப் போகிறது. இங்கே மனைவி அவருடைய இடைவேளைக்காகக் காத்திருக்கிறாள். பொறுப்பு அவள் தோளில் இருக்க, சாவி அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது. தனிமையை ஜெபத்திலும் ஐக்கியத்திலும் தாங்கிக்கொள்ளும் சகோதரிகள்கூட இந்தக் காத்திருப்பில் மனமுடைந்து போவது உண்டு.

பிரிந்து வாழ்ந்த தம்பதியரின் சரித்திரத்தில் இதைத் தெளிவாகக் காட்டுகிற ஒரு வீடு இருக்கிறது. அது அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே பிரெயின்ட்ரீ என்ற ஊரில் இருந்தது. பின்னாளில் அந்நாட்டின் இரண்டாம் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ், 1774-ல் விடுதலைக்கான மாநாட்டுக்காகப் பிலதெல்பியாவுக்குப் போனார். அதன்பின் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் வீட்டில் இருந்ததைவிட வெளியே இருந்த காலமே அதிகம். மனைவி அபிகாயில் நான்கு பிள்ளைகளோடும் ஒரு பண்ணையோடும் தனித்து விடப்பட்டார். போர் நடந்துகொண்டிருந்தது, கூலியும் விலைவாசியும் ஏறின. 1775-ல் ஊரெங்கும் வயிற்றுக்கடுப்பு பரவி, அவருடைய தாயே அதில் மரித்தார். மறு ஆண்டு ஜூலையில் பிள்ளைகளைப் பாஸ்டனுக்கு அழைத்துச் சென்று அம்மைக் குத்தல் செய்துகொண்டார். அந்நாளில் அது உயிருக்கே ஆபத்தான காரியம். தூரத்தில் இருந்த கணவர் நடந்ததைக் கடிதங்களின் வழியாகவே அறிந்தார்.

பண்ணையை அபிகாயில் நடத்திய விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. கூலியாட்கள் கிடைக்காமல் போனபோது, 1778-ல் நிலத்தைப் பாதிப் பங்குக்குக் குத்தகை விட்டார். கணவர் ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய சிறு பொருட்களை விற்றுக் குடும்பம் நடத்தினார். மீந்த பணத்தை என்ன செய்வது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஜானுக்கு நிலம் வாங்குவதிலேயே ஆசை. அபிகாயிலோ அரசுக் கடன்பத்திரங்களில் போட்டார். விவாகமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள அன்றைய சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் 1816-ல் அவர் தன் சேமிப்பைக் குறித்து ஓர் உயில் எழுதினார். பெரும்பகுதியைப் பேத்திகளுக்கும் உறவுப் பெண்களுக்கும் ஊழியக்காரப் பெண்களுக்கும் எழுதி வைத்தார். சட்டத்தின்படி அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. 1818-ல் அவர் இறந்தபின் ஜான் அதற்கு மதிப்புக் கொடுத்தார். இருவருக்கும் இடையே ஓடிய கடிதங்களில் 1,100-க்கும் மேற்பட்டவை இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றில் அன்பும் உண்டு, அரசியலும் உண்டு, வீட்டுக் கணக்கும் ஏராளமாக உண்டு. எது எங்கே இருக்கிறது, எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கு நேர்மாறான கதை நம் கும்பகோணத்தில் நடந்தது. கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஐந்து ஆண்டுகள் கழித்து 1919-ல் திரும்பினார். வீட்டில் விட்டுச்சென்ற இளம் மனைவி ஜானகியின் கையில் எந்த அதிகாரமும் இல்லை. அவருக்கு வந்த கடிதங்களும் அவர் எழுதிய கடிதங்களும் மாமியாரின் கையில் நின்றுபோயின என்பதை ஜானகி அம்மாளே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகமே போற்றிய மேதையின் வீட்டில் ஒரு கடிதம் மனைவியின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இன்று கடிதத்தின் இடத்தில் பணம் இருக்கிறது. கணவர் அனுப்பும் பணம் சொந்த ஊரில் அண்ணன் கணக்குக்குப் போய், அங்கிருந்து கேட்டுக் கேட்டு மனைவிக்கு வருகிற வீடுகளை நம் சபைகளிலேயே காணலாம். பெரியவர்களை மதிப்பது வேறு, மனைவியைக் கையேந்த வைப்பது வேறு.

"கணவன் அல்லவா தலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நீதிமொழிகளின் கடைசி அதிகாரத்தில் வரும் ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். அவள் கணவன் ஊர்வாசலில் மூப்பர்களோடு உட்கார்ந்திருக்கிறான். வயலைப் பார்த்து வாங்குகிறவளும் திராட்சத்தோட்டம் போடுகிறவளும் அவளே. ஒவ்வொரு வயலுக்கும் அவள் அவனிடம் போய் உத்தரவு கேட்டதாக அங்கே எழுதப்படவில்லை.

புறப்படுமுன் எழுதவேண்டியவை

வெளிநாட்டு வேலைக்குப் போய் அங்கே தங்குகிறவருடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். அங்கிருந்து அனுப்பும் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு உண்டு. 2011 முதல் இந்தியாவில் வசிக்கும் நெருங்கிய உறவினரை என்.ஆர்.இ. கணக்கில் கூட்டாகச் சேர்க்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆனால் இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. கணவர் உயிரோடு இருக்கும்வரை, கூட்டுப் பெயர் இருந்தாலும் மனைவி அதிலிருந்து பணம் எடுக்க அதிகாரப் பத்திரம் வேண்டும். ஆகையால் மனைவியின் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அவளுடைய கைபேசி எண்ணையே அதற்குக் கொடுத்து, மாதச் செலவை நேராக அதற்கு அனுப்புவதே எளிய வழி.

வீடோ மனையோ இருந்தால் அதிகாரப் பத்திரத்தைப் புறப்படுமுன் சார்பதிவாளர் முன்னிலையில் செய்துவிடுவது நல்லது. போனபின் செய்வதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். விற்கவும் அடகு வைக்கவும் எல்லா அதிகாரத்தையும் ஒரே தாளில் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. வாடகை வாங்க, வரி கட்ட, மின் வாரியத்திலும் நீர் வாரியத்திலும் கையெழுத்திட என்று குறிப்பிட்ட காரியங்களுக்கு மட்டும் எழுதலாம்.

இந்தப் பத்திரம், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான் செல்லும். பேசப் பிரியமில்லாத விஷயமானாலும் சொல்லாமல் விட முடியாது. கணவர் மரித்தால் அந்த நிமிடமே பத்திரம் முடிந்துபோகிறது. வங்கியில் "நாமினி" என்று பெயர் இருந்தால், பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே அவருக்குக் கிடைக்கிறது; அது வாரிசுகளின் பங்கை மாற்றாது. உயில் எழுதாமல் இறந்துபோகும் கிறிஸ்தவரின் சொத்தில், பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்பதே 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். எல்லாம் மனைவிக்கே வந்துவிடும் என்று நம் மக்களில் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் உயில் எழுதி வைப்பது அவிசுவாசம் அல்ல, வீட்டை ஒழுங்குபடுத்துவதே.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுத்தாக வேண்டும். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேரிட்டால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் திட்டம் அது. அதன் நகல் மனைவியிடம் இருக்கிறதா? வேலை ஒப்பந்தத்தின் நகல்? அங்கே அவரோடு தங்கியிருக்கும் இருவரின் கைபேசி எண்கள்?

தண்ணீரும் செடியும்

இனி வீட்டுக்குள் வருவோம். ஐதராபாத்தில் வீடு நடத்துவது என்றால் பாதி வேலை தண்ணீரைக் கவனிப்பதுதான். 1908-ல் மூசி ஆற்று வெள்ளம் ஊரை அழித்தபின் கட்டப்பட்ட உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் ஒரு காலத்தில் போதுமானவையாக இருந்தன. பிறகு மஞ்சீரா, சிங்கூர், கிருஷ்ணா என்று தூரம் நீண்டுகொண்டே போய், 2015-ல் கோதாவரித் தண்ணீரும் வந்தது. இவ்வளவு வந்தும் பல காலனிகளில் நல்லா தண்ணீர் தினந்தோறும் வருவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், குறிப்பிட்ட நேரம், அதுவும் சில வேளை பின்னிரவில். அந்த நேரத்தில் எழுந்து சம்ப்பை நிரப்பி, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவது அதுவரை கணவரின் வேலையாக இருந்திருக்கும்.

ஆகவே பயணத்துக்கு முந்தின ஒரு வாரம் கணவர் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரட்டும். எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, மோட்டார் காற்றடைத்துத் தண்ணீர் ஏறாவிட்டால் எங்கே ஊற்றுவது, மின்சாரம் போனால் எந்தச் சுவிட்சைத் தட்டுவது என்று எல்லாவற்றையும் மனைவியே செய்யட்டும்; அவர் வாயால் மட்டும் சொல்லட்டும். சொல்லிக் கொடுக்கும்போது கோபம் வந்தால் வெளியே போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். பிளம்பர், எலக்ட்ரீஷியன், தண்ணீர் திறந்துவிடும் லைன்மேன் ஆகியோரை வீட்டுக்கு அழைத்து, "இனி அம்மாதான் கூப்பிடுவார்கள்" என்று அறிமுகம் செய்து வையுங்கள். நீர் வாரியத்துக்கு 155313, மின்சாரத்துக்கு 1912, பெண்கள் உதவிக்கு 181 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். 2021 ஜனவரியில் மாநகரத்தில் மாதம் 20,000 லிட்டர் இலவசக் குடிநீர்த் திட்டம் தொடங்கியபோது மீட்டரும் ஆதார் இணைப்பும் கேட்டார்கள். இணைப்பு யார் பெயரில், ஆதார் யாருடையது என்ற கேள்வி அப்போது எத்தனை வீடுகளில் கணவரின் அடுத்த விடுமுறை வரை தள்ளிப்போயிருக்கும்!

தோட்டம் என்றவுடன், கணவர் இல்லாத வீட்டில் இதுவும் ஒரு பாரமா என்று கேட்கத் தோன்றும். பாரமாகத்தான் ஆகிவிடுகிறது, அது அவருடைய தோட்டமாகவே இருக்கும்வரை. அவர் ஆசைப்பட்டு வைத்த நாற்பது ரோஜாத் தொட்டிகளையும் வாடாமல் காப்பாற்றி, வாரந்தோறும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருப்பது ஓர் ஊழியம் அல்ல. கணக்குப் போடுங்கள். முப்பது தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் வீதம் ஒரு வேளைக்கு 45 லிட்டர். கோடையில் இருவேளை என்றால் 90 லிட்டர். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீர் 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சிறிய செலவல்ல. ஆகையால் எதை வைப்பது, எதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை தண்ணீர் ஊற்றுகிறவருக்கே இருக்க வேண்டும்.

என் அபிப்பிராயத்தில், தனியாக வீடு நடத்தும் சகோதரிக்குக் கீரையும் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் ஒரு முருங்கையும் போதும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ரைத்து பஜாரில் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊர் உழவர் சந்தை பிறந்த அதே 1999-ல் இங்கே ரைத்து பஜாரும் தொடங்கியது. கீரைகளில் இங்குள்ளவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கோங்கூரா என்பது நம் புளிச்சகீரை. பச்சலிகூரா நம் பசலை. தோட்டகூரா நம் தண்டுக்கீரை. விதை கேட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற சகோதரிக்கு விதையோடு தெலுங்கும் கொஞ்சம் கிடைக்கும். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உதவிக்கு வரப்போவதும் அந்தக் கதவுதான். முளைக்கீரை விதைத்த 25 நாளில் பறிக்கலாம். பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.கே.எம்.-1 முருங்கை விதையிலிருந்தே ஆறு மாதத்தில் காய்க்கிறது. அவருடைய முதல் விடுமுறைக்கு முன்பே சாம்பாரில் காய் விழும்.

இந்த ஊரின் பருவம் சென்னையைப் போன்றதல்ல. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது புதிதாக எதையும் விதைக்காமல், தொட்டிகளை ஒன்றாக நெருக்கி வைத்து, மேலே பாதி வெளிச்சம் விடும் பச்சை வலை கட்டி, மண்மேல் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஊற்றும் தண்ணீர் நிற்கும். அரிசி கழுவிய நீரை வீணாக்காதீர்கள். அதே மாதங்களில் மாலை வேளை திடீரென்று சூறைக்காற்றும் இடியும் வரும். கைப்பிடிச் சுவரின்மேல் இருக்கும் தொட்டிகளை மார்ச்சிலேயே கீழே இறக்கிவிடுங்கள். ஜூனில் மழை இறங்கியபின் விதைப்பு. அதற்குமுன் மொட்டைமாடியின் வடிகால் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். 2020 அக்டோபர் 13 இரவு பெய்த பெருமழையை அனுபவித்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை எல்லாத் தட்டையும் கவிழ்த்துக் காயவிட்டால் போதும். 2020-ல் மாநகராட்சி ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. நமக்கு அது ஆராதனை நேரம். சனிக்கிழமை மாலையே பிள்ளைகளை வைத்துச் செய்துவிடலாம். தகப்பன் இல்லாத வீட்டில் பிள்ளைகளுக்கு இப்படி நிலையான ஒரு வேலை இருப்பது நல்லது.

போகிறவர் எப்போதும் கணவரே என்பதும் இல்லை. நர்சுகளாகப் பணிபுரியும் நம் சகோதரிகள் வளைகுடாவுக்குப் போக, இங்கே கணவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அங்கே சட்டமும் வங்கியும் முன்பு சொன்னபடியேதான். ஆனால் இட்லிக்கு மாவு ஆட்டுவது முதல் மகளுக்குத் தலை பின்னுவது வரை, அந்தப் பயிற்சி வாரத்தில் நாற்காலியில் உட்காருகிறவர் மனைவியாக இருப்பார்.

கேரளத்து வளைகுடா மனைவியரைப் பற்றி லீலா குலாட்டி எழுதி 1993-ல் வெளிவந்த ஆய்வுநூலில், தனியே வெளியே போய்ப் பழகாத பெண்கள் வங்கிக்குப் போகவும் வீட்டுக் காரியங்களைத் தாங்களே நடத்தவும் கற்றுக்கொண்டதைக் காணலாம். அப்படிக் கற்றுக்கொண்டவர்களிடம் விடுமுறையில் வரும் கணவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுதான் அடுத்த சோதனை. வந்த மறுநாளே ஏ.டி.எம். அட்டையைக் கேட்கிறவர்களும், பாத்திரம் வைத்த இடம் சரியில்லை என்கிறவர்களும், "இதை ஏன் இங்கே நட்டாய்?" என்று செடியைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. மனைவி மாதாமாதம் எழுதி வைத்த வரவுசெலவு நோட்டை முதலில் உட்கார்ந்து படியுங்கள். எந்த மாதம் பணம் போதவில்லை, அப்போது அவள் யாரிடம் கேட்டாள், எதை வாங்காமல் விட்டாள் என்பது அதில் இருக்கும். தொலைபேசியில் அவள் சொல்லாமல் விட்டவையும் இருக்கும்.

காய்ப்பு ஓய்ந்த முருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடியும் தழைக்கும். விடுமுறை அந்த மாதத்தில் அமைந்தால் அரிவாளும் ஏணியும் அவருக்கு. எந்தக் கிளையை எந்த இடத்தில் என்பதை, கீழே நின்று, அவள் சொல்லட்டும்.